மறுபடியும் போக முடிகிற டாக்டர்

லூபஸ் என்று ரிப்போர்ட் வந்ததும் என்னைத் தேடி வருகிற பெண்கள் எல்லோரும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: "யாரு அக்கா நல்ல டாக்டர்?" தண்டையார்பேட்டையில் இந்த வியாதியோடு பல வருஷமாக இருக்கிறவள் என்று அக்கம்பக்கத்தில் என் பேர் பரவிவிட்டது. பின் தெருவில் ஒரு பெண்ணுக்குப் போன மாதம்தான் தெரிய வந்திருக்கிறது. அவளிடம் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பெரிய டாக்டர்கள் பேர் எனக்கும் நாலைந்து தெரியும். ஆனால் பேரை நான் கடைசியில்தான் சொல்வேன். அந்த டாக்டரிடம் உன்னால் மறுபடியும் போக முடியுமா என்றுதான் முதலில் கேட்பேன். கையில் காசு இல்லாத மாதம் போக முடியுமா? மாத்திரை விட்டுப்போன மாதம் பயப்படாமல் எதிரில் போய் உட்கார முடியுமா? கடைக்கு லீவு சொல்லிவிட்டுப் போய், சாயங்காலத்துக்குள் வீடு திரும்ப முடியுமா? சாதாரணக் காய்ச்சலுக்கு ஒரு தடவை பார்க்கிற டாக்டர் போதும். லூபஸில், உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டு, தோல், சிறுநீரகம் என்று உடம்பின் மேல் திரும்பிவிடுகிறது. அடங்கும், கிளம்பும், மறுபடி அடங்கும். முழுசாகப் போகாது. கட்டுக்குள் வைத்துக்கொண்டு வாழலாம், வேலைக்குப் போகலாம், பிள்ளை பெறலாம். ஆனால் அதற்கு டாக்டரும் நம்மோடு வருஷக்கணக்கில் வர வேண்டும்.

வடசென்னைக்காரர்களுக்கு அப்படிப்பட்ட டாக்டர்கள் புதிதில்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் டாக்டர் ஜெயச்சந்திரன், வியாசர்பாடியில் டாக்டர் திருவேங்கடம். இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் வாங்கிக்கொண்டு பல பத்தாண்டுகள் வைத்தியம் பார்த்தவர்கள். 2018 டிசம்பரில் ஜெயச்சந்திரன் காலமானார். 2020 ஆகஸ்டில், கொரோனா நேரத்தில், திருவேங்கடமும் போய்விட்டார். அவர்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் ஃபீஸைத்தான் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு. ஒரே இடத்தில் அத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வீட்டில் தாத்தாவையும் பேரனையும் பார்த்திருக்கிற டாக்டரிடம், கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை. ஐந்து ரூபாய் என்பதால் அடுத்த தடவை போவதற்கும் யோசிக்க வேண்டியதில்லை.

எனக்கு அப்படி ஒரு இடம் அமைய ரொம்ப நாள் ஆனது.

அப்போது மண்ணடியில் ஒரு இரும்புக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. பேனா பிடிக்க மதியம் ஆகிவிடும். சாயங்காலம் லேசாகக் காய்ச்சல் அடிக்கும். உடம்பு மெலிந்துகொண்டே வந்தது. டிபியாக இருக்குமோ என்று சளி, எக்ஸ்ரே எல்லாம் எடுத்துப் பார்த்தார்கள். எங்கள் பக்கத்தில் காய்ச்சலும் மெலிவும் சேர்ந்து வந்தால் முதலில் அதைப் பார்ப்பது நியாயம்தான். டிபி இல்லை என்று வந்தது. அதற்குப் பிறகுதான் கஷ்டமே. டிபி இல்லை என்றதும் எனக்கு வியாதியே இல்லை என்று ஆகிவிட்டது. ஒரு டாக்டர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் என் வீட்டுக்காரரிடம், "உடம்புல ஒண்ணும் இல்ல சார். குழந்தை இல்லாத கவலை. எங்கயாவது வெளியூர் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க" என்றார். அதற்கு முந்தின வருஷம்தான் ஐந்தாம் மாதத்தில் குழந்தை தங்காமல் போயிருந்தது. அதை அவரிடம் நான்தான் சொன்னேன். அதுவும் இந்த வியாதியின் வேலையாக இருக்கலாம் என்று அவர் ஒரு நிமிஷம் யோசித்திருந்தால், எனக்கு எத்தனையோ நாள் வலி மிச்சமாகியிருக்கும். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

கண்டுபிடித்தது, எங்கள் தெருமுனையில் சாயங்காலம் மட்டும் பார்க்கிற டாக்டரம்மா. சின்ன அறை, ஒரு ட்யூப் லைட், வெளியே ஒரு பெஞ்சு. என்னை லைட்டுக்கு நேராக நிற்க வைத்து, முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கொஞ்சம் சிரிம்மா" என்றார். சிரித்தேன். கன்னம் இரண்டும், மூக்கின் மேலும் சிவந்திருந்தது. மூக்கோரத்திலிருந்து வாய்க்கு இறங்குகிற கோடு மட்டும் சிவக்காமல் தெளிவாக இருந்தது. என் வீட்டுக்காரரை உள்ளே கூப்பிட்டு, "பாருங்க, இந்த மடிப்புல மட்டும் இல்ல" என்று விரலை வைத்துக் காட்டினார். அப்புறம் கேள்வி மேல் கேள்வி. வெயிலில் போனால் இது அதிகமாகிறதா? வாய்க்குள் மேலண்ணத்தில் புண் வருமா? முடி கொத்தாக வருகிறதா? குளிர்ந்த தண்ணீரில் கை வைத்தால் விரல் நுனி வெளுக்கிறதா? சிறுநீர் நுரைக்கிறதா? கரு கலைந்ததா, எந்த மாதத்தில்? ஒவ்வொன்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. அதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

"எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. ஆனா இதை நான் பார்க்கக் கூடாதும்மா, மூட்டு, எதிர்ப்புச் சக்தி வியாதியெல்லாம் பார்க்கிற ருமட்டாலஜி டாக்டர் பார்க்கணும். லெட்டர் தர்றேன். ரிசல்ட் வந்ததும் என்கிட்டயும் ஒரு தடவை காட்டு" என்றார். தன்னால் எது முடியும், எது முடியாது என்று வெளிப்படையாகச் சொல்கிற டாக்டரை முழுசாக நம்பலாம் என்பது என் அனுபவம். அனுப்பிவிட்டுக் கை கழுவவும் இல்லை அவர். இன்றைக்கும் எனக்குக் காய்ச்சல் வந்தால் முதலில் ஓடுவது அந்த பெஞ்சுக்குத்தான். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மாத்திரை போடுகிறவர்கள் காய்ச்சலை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது என்று சொல்லித்தந்ததும் அவர்தான்.

லூபஸுக்காக எடுக்கிற ரத்தச் சோதனைகள், ஏ.என்.ஏ., டிஎஸ்-டிஎன்ஏ, எல்லாம் பாசிட்டிவாக வந்தது. முதலில் ஒரு தனியார் ஸ்பெஷலிஸ்டிடம் போனோம். நல்ல டாக்டர், வியாதியைச் சரியாகச் சொன்னார், மருந்தும் சரியாகக் கொடுத்தார். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஃபீஸ், ரத்தம், சிறுநீர், மாத்திரை என்று கூட்டினால் என் சம்பளத்தில் பாதிக்கு மேல் போனது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தது. அது படுக்கையில் சேர்ந்தால் உதவும். மாதாமாதம் வாங்கித் தின்கிற மாத்திரைக்கு உதவாது. ஒரு ரிவ்யூ தள்ளிப்போனது, அடுத்ததும் தள்ளிப்போனது. எவ்வளவு கெட்டிக்கார டாக்டராக இருந்தாலும், போக முடியவில்லை என்றால் அவர் நமக்கு இல்லை என்றுதான் அர்த்தம். டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னபோது, "ஸ்டான்லிக்குப் போ. அங்கயும் ருமட்டாலஜி இருக்கு. கூட்டம் இருக்கும், பொறுமையா உட்காரு" என்றார்.

எங்கள் பாட்டி ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியைக் கடைசி வரை கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வாள். 18-ஆம் நூற்றாண்டுப் பஞ்சத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்த ஆஸ்பத்திரி அது. கூட்டத்தைப் பற்றி மறைக்க ஒன்றுமில்லை. காலையில் சீக்கிரம் போய் ஓபி சீட்டு வாங்க வேண்டும். உட்கார இடம் கிடைக்காத நாளும் உண்டு. ரத்தம் கொடுக்க ஒரு வரிசை, மாத்திரைக்கு இன்னொரு வரிசை. உள்ளே போனால் போன தடவை பார்த்த டாக்டர் இருப்பார் என்றும் சொல்ல முடியாது. மேல்படிப்புப் படிக்கிற பிள்ளைகள்தான் முதலில் பார்க்கிறார்கள். படிப்பு முடிந்ததும் போய்விடுகிறார்கள். அப்புறம் நம்மைத் தொடர்ந்து தெரிந்துவைத்திருப்பது யார்?

நோட்டுதான். இதைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும். முதல் பக்கத்தில் வியாதியின் பேர், கண்டுபிடித்த வருஷம், சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாது என்று சிவப்பு மையில் ஒரு வரி. அதற்குப் பிறகு ஒவ்வொரு வரவுக்கும் எடை, பிரஷர், சிறுநீரில் புரதம், மாத்திரை அளவு. பல கையெழுத்துகள். சிலது எனக்கே படிக்க வரும், சிலது மாத்திரை கொடுக்கிறவருக்கு மட்டும்தான் புரியும். இதுவரை எழுதித் தீர்ந்த நோட்டுகளைத் தைத்து ஒன்றாக வைத்திருக்கிறேன். புதிதாக வருகிற டாக்டர் பின்னோக்கிப் புரட்டுகிறார், "போன மழைக்காலத்துலயும் இப்படி மூட்டு வீங்கிச்சாம்மா?" என்கிறார். எனக்கு மறந்துபோனது நோட்டில் இருக்கிறது.

பின்பக்கம் என்னுடையது. ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து எழுதுவேன். எல்லா வலியையும் எழுத மாட்டேன். உள்ளே கிடைப்பது சில நிமிஷம்தான்; போன தடவைக்கும் இப்போதைக்கும் என்ன மாறியிருக்கிறது என்பதை மட்டும் எழுதுவேன். "ரொம்ப முடியல டாக்டர்" என்றால் அவர்களால் எதையும் பிடித்துக்கொள்ள முடியாது. "ஜாக்கெட் கொக்கியை மாட்ட இப்பல்லாம் பொண்ணு வரணும்" என்றால் உடனே புரிகிறது. ஒரு முறை "மெட்டி இறுக்குது" என்று எழுதியிருந்தேன். அதைப் படித்த பெண் டாக்டர், வயசு இருபத்தேழு இருபத்தெட்டு இருக்கும், எழுந்து வந்து குனிந்து என் காலை விரலால் அழுத்திப் பார்த்தார். அழுத்திய இடம் குழியாக நின்றது. அன்றே சிறுநீரை அனுப்பினார்கள், புரதம் போய்க்கொண்டிருந்தது. சிறுநீரகத்தில் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்து, மருந்தைக் கூட்டினார்கள். இன்றைக்கு என் சிறுநீரகம் வேலை செய்கிறதென்றால், அந்த டாக்டர் எழுந்து வந்து குனிந்ததால்தான். அவர் இப்போது எந்த ஊரில் இருக்கிறாரோ, நன்றாக இருக்க வேண்டும்.

கூட நிற்கிற டாக்டர் என்று நான் சொல்வது இதைத்தான். இன்னொன்றும் சொல்கிறேன். அந்தச் சமயத்தில் ஒரு மாத்திரையை வெளியில் வாங்க வேண்டியிருந்தது. இரண்டு மாதம் வாங்கினோம், மூன்றாவது மாதம் முடியவில்லை. வார்டில் என் பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மா, "சொல்லாத, திட்டுவாங்க" என்றார். எங்களில் நிறையப் பேர் மறைப்பதும் அதனால்தான். நான் சீஃபிடம், அதாவது அங்கே தலைமை டாக்டரிடம், சொன்னேன். அவர் திட்டவில்லை. "எவ்வளவு செலவாகுதும்மா?" என்று கேட்டு, கொஞ்ச நேரம் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, அங்கேயே கிடைக்கிற அசத்தியோப்ரின் என்கிற மாத்திரைக்கு மாற்றி எழுதினார். "முடியலன்னா வந்து சொல்லணும். நீங்களா நிறுத்தக் கூடாது, முக்கியமா ஸ்டீராய்டை" என்றார். ஸ்டீராய்டு மாத்திரையை வெகு நாள் போட்டால், அட்ரீனல் சுரப்பி தானாகச் சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும். திடீரென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது, உயிருக்கே ஆபத்து; படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்று விளக்கமாகச் சொன்னார். திட்டு வாங்கியிருந்தால் நான் அடுத்த ரிவ்யூவுக்குப் போயிருப்பேனா என்று தெரியவில்லை.

என் பொண்ணு பிறந்தது, வியாதி சிறுநீரகத்தைத் தொடுவதற்கு முன்னால். வியாதி ஆறு மாதமாவது அடங்கி இருக்கட்டும், அப்புறம் பிள்ளை பெறுவதைப் பற்றி யோசிக்கலாம் என்றார்கள். காத்திருந்தோம். ரத்தம் உறைகிற தன்மையைச் சோதித்து, ஆஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும் கொடுத்தார்கள். வயிற்றில் பிள்ளையோடு தினம் ஊசியா என்று வீட்டில் அழுகை. எல்லா மாத்திரையையும் நிறுத்து என்று மாமியார் சொன்னார். அவர் பயம் எனக்குப் புரிந்தது. ருமட்டாலஜி டாக்டர் நோட்டில், லூபஸுக்கு நான் தினமும் போடுகிற ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையின் பேருக்குக் கீழே கோடு போட்டு, 'நிறுத்தக் கூடாது' என்று தமிழிலேயே எழுதிக்கொடுத்தார், மாமியார் படிக்கட்டும் என்று. ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரி டாக்டர்களும் அதே நோட்டில்தான் எழுதினார்கள். இரண்டு பக்கத்து டாக்டர்களும் ஒருவர் எழுதியதை ஒருவர் படித்தார்கள். நான் நடுவில் நின்று சேதி சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்த ஹைட்ராக்சிகுளோரோகுயினுக்கு 2020 மார்ச்சில் வந்ததே ஒரு தட்டுப்பாடு! கொரோனாவைத் தடுக்கும் என்ற பேச்சு கிளம்பி, சுகாதாரப் பணியாளர்கள் போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐ.சி.எம்.ஆர். சொன்னதும், வியாதி இல்லாதவர்களெல்லாம் கடை கடையாக வாங்கிப் பதுக்கினார்கள். எங்களுக்கு அது தினசரிச் சோறு. எங்கள் மெடிக்கல் ஷாப் பாய், கையில் இருந்த அட்டைகளில் சிலவற்றைத் தனியாக எடுத்து, மேலே என் பேரை எழுதி வைத்திருந்தார். "வாரா வாரம் வாங்கறவங்களுக்குத்தான் மொதல்ல, மத்தவங்களுக்கு சீட்டு இருந்தாலும் அப்புறம்தான்" என்று அவர் ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் காதால் கேட்டேன். மருத்துவம் என்று நான் சொல்லும்போது அவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மருந்துக் கடையை அடிக்கடி மாற்றாதீர்கள்.

அதே மாத்திரைக்காக வருஷத்துக்கு ஒரு முறை கண் விழித்திரையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வெகு நாள் போட்டால் சிலருக்கு விழித்திரையைப் பாதிக்கும். ஆரம்பத்திலேயே தெரிந்தால் மாத்திரையை மாற்றிவிடலாம். நான் போவது எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்கு, 1819-இல் தொடங்கியது. முன்பெல்லாம் வெயிலில் பஸ்ஸுக்கு நின்று போய் வந்தால் இரண்டு நாள் முகம் எரியும். 2021 பிப்ரவரியில் தண்டையார்பேட்டைக்கு மெட்ரோ வந்தது. இப்போது பூமிக்கடியிலேயே சென்ட்ரல், அங்கே வண்டி மாறி எழும்பூர். வெயிலே ஆகாத உடம்புக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது எங்களுக்குத்தான் தெரியும். கண்ணில் சொட்டு மருந்து விட்டால் பாவை விரிந்து கொஞ்ச நேரம் வெளிச்சம் கூசும். கூட ஒருவரை அழைத்துப் போங்கள், கறுப்புக் கண்ணாடி எடுத்துக்கொள்ளுங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர். கரண்ட் இல்லை, தெருவில் இடுப்பளவு. நோட்டும் மாத்திரையும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் பரணில் இருந்தன. ஸ்டீராய்டு கையில் இரண்டு வாரத்துக்காவது கூடுதலாக இருக்கட்டும் என்று ஆஸ்பத்திரி சிஸ்டர் ஒருவர் சொல்லியிருந்தார். மழைக்காலத்துக்கு முன்னால் எல்லோருமே இதைச் செய்து வைப்பது நல்லது.

பின் தெருப் பெண்ணுக்கு என் கவலை வேறு. அவள் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைக்கிறாள், ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போய்விடும். ஓபி காலையில்தான். ரத்தம் கொடுக்க ஒரு நாள், ரிசல்ட்டோடு டாக்டரைப் பார்க்க ஒரு நாள் என்றால் அவளால் எத்தனை மாதம் தாக்குப்பிடிக்க முடியும்? ரத்தம், சிறுநீர் சோதனையை எங்கள் வட்டத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே எடுத்து, ரிசல்ட்டை ஸ்டான்லிக்கு அனுப்ப ஏற்பாடு செய்தால் அவளுக்கு ஒரு நாள் கூலி மிஞ்சும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில், எங்கள் தெருப் பெரியவர்களுக்கு சுகர், பிரஷர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. அந்தப் பையில் எங்கள் மாத்திரையும் ஒரு அட்டை இருக்கலாம். வியாதி அடங்கியிருக்கிற மாதங்களில் டாக்டரைப் பார்க்க வேண்டிய அவசியமில்லாமல், மாத்திரைக்காக மட்டும் வரிசையில் நிற்கிறவர்கள் எங்களில் நிறையப் பேர் இருக்கிறோம். அடுத்த ரிவ்யூவின்போது ஆஸ்பத்திரியிலும், அப்புறம் எங்கள் கவுன்சிலரிடமும் இதை மனுவாக எழுதிக் கொடுக்கப் போகிறேன். இந்தப் பக்கம் இருக்கிறவர்கள் யாராவது கையெழுத்துப் போடுவதென்றால் சொல்லுங்கள், சேர்ந்தே போகலாம்.